பூமிக்கடியில் ஒரு குதிர்

வருஷத்துக்கு வேண்டிய புளியைப் பங்குனி, சித்திரை மாதங்களில் வாங்கி, கொட்டை எடுத்து, உப்புச் சேர்த்து, ஜாடிகளில் அடைத்து வைப்பது தமிழ் நாட்டுக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்திருக்கும் வழக்கம். துவரம் பருப்பு, மிளகாய் வற்றல் முதலியவற்றின் கதையும் அதுவே. நெல்லுக்கோ குதிர் என்றும் பத்தாயம் என்றும் வீட்டில் தனி ஸ்தானமே இருந்தது. இந்தக் காரியத்தைச் செய்யும் இல்லத்தரசியைப் பொருளாதார நிபுணர் என்று யாரும் அழைப்பதில்லை. ஆனால் அவள் அறிந்திருக்கும் சாஸ்திரம் சாமான்யமானதல்ல. பண்டம் மலிந்திருக்கும்போது வாங்கவேண்டும். வாங்குவதற்குக் கையில் பணம் இருக்கவேண்டும். வாங்கியதை வைப்பதற்கு வீட்டில் இடம் இருக்கவேண்டும். வைத்ததைக் கண்ட நேரத்தில் எடுத்துச் செலவழித்துவிடாத மன உறுதியும் இருக்கவேண்டும். இந்த நான்கில் ஒன்று குறைந்தாலும் ஐப்பசி மழையில் ஜாடி காலியாகத்தான் இருக்கும்.

இதைப் பதுக்கல் என்று யாராவது சொன்னால் அது பெரும் பிசகு. பதுக்குகிறவன் பஞ்ச காலத்தில் வாங்கி மறைத்து வைத்து விலையை ஏற்றுகிறான். சேமிக்கிறவனோ விளைச்சல் பெருகி விற்பவன் தவிக்கும் சமயத்தில் வாங்குகிறான். பஞ்சம் வரும்போது சந்தைக்குப் போகாமல் இருந்து, மற்றவர்களுக்கு இடம் விடுகிறான். முன்னவனால் ஊருக்குக் கஷ்டம். பின்னவனால் ஊருக்கு உபகாரம்.

வீட்டுக்குப் பொருந்துகிற இந்த நியாயம் தேசத்துக்கும் பொருந்துமா என்பதே இந்த வாரம் நாம் ஆராய விரும்பும் விஷயம். பண்டம், கச்சா எண்ணெய். பூமியிலிருந்து கறுப்பாகவும் கெட்டியாகவும் வெளிவந்து, சுத்திகரிப்பு ஆலைகளில் பெட்ரோலாகவும் டீசலாகவும் மண்ணெண்ணெயாகவும் தாராகவும் பிரிகிற எண்ணெய்தான் அது.

"எங்களிடம் மோட்டார் வண்டி இல்லையே, எங்களுக்கு என்ன?" என்று சில நேயர்கள் கேட்கலாம். காய்கறி லாரியில் வருகிறது. பிள்ளைகள் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகிறார்கள். வயலில் டிராக்டர் ஓடுகிறது. மீனவர் படகுக்கும் டீசல்தான் வேண்டியிருக்கிறது. எண்ணெய் விலை ஏறினால் அது முதலில் பெட்ரோல் பங்கில் தெரியும். பத்து நாள் கழித்துக் கத்தரிக்காய் விலையில் தெரியும். இந்தியாவுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 100-க்கு 85 பங்குக்கு மேல் அன்னிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. அதில் கணிசமான பகுதி மேற்காசியாவிலிருந்து புறப்படுவது. அப்படி வரும் கப்பல்களில் பல, ஹோர்முஸ் ஜலசந்தி என்னும் குறுகிய கடல் வாயிலைக் கடந்தே வரவேண்டும். நம் வீட்டு அடுப்புக்கு வேண்டிய விறகு, யாரோ ஒருவர் வீட்டு வாசல் வழியாக வருவது போன்ற நிலைமை இது. அந்த வீட்டில் சண்டை மூண்டால் நம் அடுப்பு அணையும்.

சென்னை கண்ட பாடங்கள்

எண்ணெய்க்கும் யுத்தத்துக்கும் உள்ள சம்பந்தத்தைச் சென்னைப் பட்டணத்துக்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1914-ஆம் வருஷம் செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க் கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று குண்டுமாரி பொழிந்தது. அது குறி வைத்தது கோட்டையையோ ஹைகோர்ட்டையோ அல்ல. துறைமுகத்தருகே இருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைத்தான். தொட்டிகள் தீப்பற்றி எரிந்த வெளிச்சத்தில் பட்டணமே கதிகலங்கியது. ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊரைக் காலி செய்தார்கள். எம்டன் திரும்பிப் போய்விட்டது. ஆனால் "அவன் ஒரு எம்டன்" என்ற வார்த்தை மட்டும் தமிழில் தங்கிவிட்டது. அந்த இரவு கற்பித்த பாடம் ஒன்று உண்டு: தரைக்கு மேலே தகரத் தொட்டியில் வைத்த எண்ணெய், பகைவனுக்கு நாமே ஏற்றி வைத்த தீபம்.

இரண்டாவது பாடம் 1942-இல் வந்தது. அதுவரை இந்தியாவுக்கு எண்ணெய் அனுப்பி வந்த பர்மா, ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அவர்களுக்குப் பயன்படக் கூடாது என்று, பின்வாங்கிய பிரிட்டிஷார் ஏனாஞ்சாங் எண்ணெய் வயல்களைத் தாமே நாசம் செய்துவிட்டுப் போனார்கள். பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. பின்புறத்தில் பெரிய அடுப்பைச் சுமந்துகொண்டு, கரியிலிருந்து உண்டாகும் வாயுவால் முக்கி முனகி ஓடிய பஸ்களைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டவர்கள் பலர் இருப்பார்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவும் வேண்டியிருந்ததாம். கடல் வழி ஒன்றை நம்பியிருக்கும் தேசம், அந்த வழி அடைபட்டால் மறுநாளே மேட்டில் வண்டி தள்ளவேண்டும் என்பதே அந்தப் பாடம்.

உலகம் முழுவதும் இதை உணர்ந்தது 1973-இல்தான். அந்த வருஷம் அக்டோபர் மாதத்தில் இஸ்ரேலுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் யுத்தம் மூண்டது. அரபு தேசங்கள் அமெரிக்காவுக்கும் வேறு சில நாடுகளுக்கும் எண்ணெய் அனுப்ப மறுத்தன. பீப்பாய் ஒன்றுக்குச் சுமார் 3 டாலராக இருந்த விலை, சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. (ஒரு பீப்பாய் என்பது சுமார் 159 லிட்டர்.) பட்டபின் புத்தி வந்தது. 1974-இல் சர்வதேச எரிசக்தி ஸ்தாபனம் ஏற்பட்டது. எண்ணெய் இறக்குமதி செய்யும் அங்கத்தினர் தேசம் ஒவ்வொன்றும் 90 நாள் இறக்குமதிக்குச் சமமான எண்ணெயைக் கையிருப்பில் வைத்திருக்கவேண்டும் என்பது அதன் விதி. அமெரிக்கா 1975-இல் சட்டம் செய்து, டெக்ஸாஸ், லூயிஸியானா மாகாணங்களில் பூமிக்கடியில் உள்ள உப்புப் பாறைகளுக்குள் தண்ணீரைச் செலுத்திக் கரைத்துப் பெரும் குகைகளை உண்டாக்கி, 1977 முதல் அவற்றில் எண்ணெயை நிரப்பத் தொடங்கியது. 2009-ஆம் வருஷ முடிவில் அங்கே 72 கோடி பீப்பாய்க்கு மேல் இருந்தது.

பொன் போன கதை

நமக்குப் புத்தி வருவதற்கு இன்னொரு சோதனை தேவைப்பட்டது. 1990-ஆம் வருஷம் ஆகஸ்டு 2-ஆம் தேதி ஈராக், குவைத்துக்குள் புகுந்தது. ஜூலையில் இருந்த எண்ணெய் விலை அக்டோபருக்குள் இரு மடங்குக்கு மேல் ஆயிற்று. அதே சமயத்தில், குவைத்தில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பி வந்த லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் வேலையை இழந்து விமானத்தில் ஊர் திரும்பினார்கள். செலவு ஏறியது; வரவு நின்றது. ஏற்கெனவே கடன் சுமையால் தளர்ந்திருந்த இந்தியா சர்க்காரின் அன்னியச் செலாவணிக் கையிருப்பு, சில வார இறக்குமதிக்குக்கூடப் போதாத நிலைக்கு வந்தது.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1991-இல் ரிஸர்வ் பாங்கின் பொக்கிஷத்திலிருந்து சுமார் 47 டன் தங்கம் இங்கிலாந்து பாங்குக்கும் ஜப்பான் பாங்குக்கும் அடகாகப் போயிற்று. அதற்கு முன்பே 20 டன் தங்கம் வேறொரு வகையில் வெளியேறியிருந்தது. அந்தச் சங்கடத்துக்கு எண்ணெய் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டோம். பல வருஷத்துத் தாராளச் செலவும் சேர்ந்தே அந்த நிலைமையை உண்டாக்கின. ஆனால் நோயாளியைக் கீழே தள்ளிய கடைசி உதை எண்ணெய் விலைதான். வீட்டு நகையை அடகுக் கடைக்கு எடுத்துச் செல்லும் குடும்பத் தலைவனின் மன நிலையை நம் நேயர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. அன்று தேசமே அந்த நிலையில் இருந்தது.

விலை ஏறிய அந்த மாதங்களில் எடுத்து உபயோகிக்க, மலிவுக் காலத்தில் வாங்கி வைத்த எண்ணெய் என்று சர்க்காரிடம் தனியாக ஒரு பீப்பாய்கூட இல்லை. ஏனென்றால் வைப்பதற்குக் குதிரே இல்லை.

பாறைக்குள் பத்தாயம்

அந்தக் குதிர் பிறகு கட்டப்பட்டது, அவசரமில்லாமல் கட்டப்பட்டது. 2004-இல் இதற்கென்று இந்தியன் ஸ்ட்ராட்டஜிக் பெட்ரோலியம் ரிஸர்வ்ஸ் என்ற சர்க்கார் கம்பெனி ஏற்பட்டது. விசாகப்பட்டணத்தில் 13 லட்சத்து 30 ஆயிரம் டன், மங்களூரில் 15 லட்சம் டன், உடுப்பி ஜில்லாவில் உள்ள பாதூரில் 25 லட்சம் டன் கொள்ளும் குகைகள் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டன. முதலாவது 2015-லும், கடைசியானது 2018-லும் தயாராயின. ஆக, கம்பெனி ஏற்பட்டுப் பதினான்கு வருஷம் கழித்து மூன்றும் முடிந்தன. மூன்றும் சேர்ந்து கொள்ளுவது 53 லட்சத்து 30 ஆயிரம் டன், அதாவது சுமார் 3 கோடியே 90 லட்சம் பீப்பாய்.

இந்தக் குகைகளின் சூட்சுமம் ரஸமானது. எண்ணெயைத் தடுக்கச் சுவருக்கு இரும்புத் தகடு இல்லை. பாறையே சுவர். எண்ணெய் கசிந்து போய்விடாதா என்று கேட்கலாம். குகையை நிலத்தடி நீர் மட்டத்துக்குக் கீழே ஆழமாகத் தோண்டுகிறார்கள். சுற்றியுள்ள பாறையின் வெடிப்புகளில் எல்லாம் தண்ணீர் நிறைந்து, குகையை நோக்கி உள்ளே அழுத்துகிறது. அழுத்தம் குறையாதிருக்க மேலே சுரங்கப் பாதையிலிருந்து துளைகள் இட்டு இடைவிடாமல் நீர் விடுகிறார்கள். எண்ணெய் வெளியே போக வழி தேடினால் தண்ணீர் தடுக்கிறது. உள்ளே சொட்டுகிற சிறிதளவு நீரோ எண்ணெய்க்கு அடியில் தேங்க, அதைப் பம்பு வைத்து இறைத்து விடுகிறார்கள். தண்ணீரையே காவற்காரனாக நிறுத்திய இந்த ஏற்பாட்டை எம்டன் போன்ற நூறு கப்பல்கள் வந்தாலும் எளிதில் தீண்ட முடியாது. மூன்று குகைகளுக்கும் ஆன செலவு சுமார் 4,100 கோடி ரூபாய்.

இடம் தயாராயிற்று. ஆனால் 2020-ஆம் வருஷத்துத் தொடக்கத்தில் அந்த இடத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் காலியாகவே இருந்தது. இல்லத்தரசியின் நான்கு சூத்திரங்களில் மூன்றாவது கைகூடியது. முதலாவதற்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

கொண்டு போகிறவனுக்குக் கூலி

அந்த வருஷம் கொரோனா நோய் உலகை வீட்டுக்குள் அடைத்தது. விமானங்கள் நின்றன, பஸ்களும் ரெயில்களும் நின்றன. எண்ணெய் கேட்பாரில்லை. அது போதாதென்று, மார்ச் மாதத்தில் சவூதி அரேபியாவும் ரஷ்யாவும் உற்பத்தியைக் குறைப்பது பற்றிப் பிணங்கிக்கொண்டு போட்டிக்கு இறங்கின. ஏப்ரல் 20-ஆம் தேதி அமெரிக்கச் சந்தையில் நடந்த அதிசயத்தை அதுவரை யாரும் கண்டதில்லை. மே மாதத்தில் ஒப்புவிக்கவேண்டிய எண்ணெயின் விலை பூஜ்யத்துக்கும் கீழே போய், பீப்பாய்க்கு 37 டாலர் 63 சென்ட் கடனில் முடிந்தது. அதாவது எண்ணெயை எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு விற்பவனே கூலி கொடுக்கவேண்டும்! காரணம் எளிது. எண்ணெயை ஒப்புக்கொள்ள வேண்டியவர்களிடம் வைப்பதற்கு இடமில்லை; ஒக்லஹோமாவில் உள்ள தொட்டிகள் நிரம்பியோ, முன்பே அமர்த்தப்பட்டோ இருந்தன. அன்றைய தினம் உலகத்தில் விலை மதிப்புள்ள பொருள் எண்ணெயல்ல, காலியான குதிர்.

நம்மிடம் அது இருந்தது. ஏப்ரல், மே ஆகிய இரண்டு மாதங்களுக்குள் சுமார் 1 கோடியே 67 லட்சம் பீப்பாய் எண்ணெய் வாங்கி மூன்று குகைகளையும் நிரப்பினார்கள். ஜனவரியில் பீப்பாய் 60 டாலர் விற்றது. நாம் வாங்கியது சராசரி 19 டாலருக்கு. இதனால் 5,069 கோடி ரூபாய் மிச்சம் என்று எண்ணெய் மந்திரி பார்லிமெண்டில் தெரிவித்தார். ஜனவரி விலையோடு ஒப்பிட்டுச் சொன்ன கணக்குதான் இது; வேறு மாதத்தோடு ஒப்பிட்டால் தொகை மாறும். ஆனாலும் ஒரு தடவை நிரப்பியதில் கிடைத்த ஆதாயம், குகைகளைத் தோண்டிய மொத்தச் செலவைவிடப் பெரியது என்பது அற்ப விஷயமல்ல. சர்க்கார் தவறு செய்யும்போது கண்டிக்கும் நாம், நல்ல காரியம் செய்தபோது பாராட்டவும் கடமைப்பட்டிருக்கிறோம்.

பணக்கார தேசங்களெல்லாம் இப்படி நடந்துகொண்டன என்று நினைக்கவேண்டாம். அதே மார்ச் மாதத்தில் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப், தம் தேசத்துக் குகைகளைக் கழுத்து மட்டும் நிரப்பப் போவதாக அறிவித்தார். அதற்கு 300 கோடி டாலர் வேண்டியிருந்தது. கட்சிச் சண்டையில் காங்கிரஸ் சபை அந்தப் பணத்தைக் கொடுக்கவில்லை. இடம் இருந்தது, மலிவும் இருந்தது, பணம் மட்டும் இல்லை. காலி இடத்தைத் தனியார் கம்பெனிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள்! இரண்டு வருஷம் கழித்து, 2022-இல், ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்து எண்ணெய் விலை 100 டாலரைத் தாண்டியபோது, ஜனாதிபதி பைடன் 18 கோடி பீப்பாய் எண்ணெயைக் குகைகளிலிருந்து எடுத்து விற்க உத்தரவிட்டார். சராசரி 95 டாலருக்கு விற்றது. 2023-இன் நடுவில் கையிருப்பு சுமார் 35 கோடி பீப்பாய்க்கு இறங்கியது. நாற்பது வருஷத்தில் அவ்வளவு குறைந்ததில்லை. பிறகு மலிந்த விலையில் திரும்ப வாங்கத் தொடங்கினார்கள். விற்றதைவிடப் பீப்பாய்க்குச் சுமார் 20 டாலர் குறைவாக வாங்கியது சாமர்த்தியந்தான். ஆனால் 2024-ஆம் வருஷ முடிவு வரையில் இவ்வாறு வாங்கியது சுமார் 6 கோடி பீப்பாய். விற்றதில் மூன்றில் ஒரு பங்கு. குதிரைத் திறந்துவிட ஆறு மாதம் போதும். நிரப்ப வருஷங்கள் வேண்டும்.

அந்த நாட்டிலேயே இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. 1996-இல் எந்த நெருக்கடியும் இல்லாதபோது, வரவு செலவில் விழுந்த துண்டை ஒட்டுப்போடுவதற்காகக் குகை எண்ணெயில் ஒரு பகுதியை, சேமித்தபோது கொடுத்த சராசரி விலைக்கும் குறைவாக விற்றார்கள். விதை நெல்லைக் குத்திச் சாப்பிட்டவன் கதைதான்.

மலிவு வந்தால் மறதியும் வரும்

அமெரிக்காவைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் நம்மையும் சற்றுக் கவனிப்போம். 2023-24 வரவு செலவுத் திட்டத்தில், குகைகளுக்கு எண்ணெய் வாங்க 5,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அந்த வருஷம் பாதியாவதற்குள் காரியம் ஒத்திவைக்கப்பட்டது. ஒடிஸாவில் உள்ள சண்டிக்கோலிலும் பாதூரிலும் 65 லட்சம் டன்னுக்கு மேலும் குகைகள் தோண்ட 2021 ஜூலையில் மந்திரி சபை அனுமதி கொடுத்தது. அனுமதி வேறு, குகை வேறு. பாறை, காகிதத்தைப் பார்த்துப் பிளந்து கொடுப்பதில்லை. முதல் மூன்றும் எத்தனை வருஷம் எடுத்துக்கொண்டன என்பதை மேலே பார்த்தோம்.

மூன்று குகைகளும் நிரம்பியிருந்தாலும் அவை தேசத்துக்கு எத்தனை நாளைக்குப் போதும்? சர்க்காரின் கணக்குப்படியே, 2019-20 வருஷத்துச் செலவு விகிதத்தில், ஒன்பதரை நாளைக்கு. எண்ணெய்க் கம்பெனிகளிடம் 64 அல்லது 65 நாளுக்கு உரிய சரக்கு இருப்பதாகவும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் கம்பெனிச் சரக்கு என்பது குழாய்களிலும் ஆலைத் தொட்டிகளிலும் அன்றாடம் புரண்டுகொண்டிருக்கும் எண்ணெய். சமையலறை அஞ்சறைப் பெட்டி போன்றது. அதைக் குதிர் என்று எண்ணி நிம்மதியாகத் தூங்கக் கூடாது. செலவு வருஷந்தோறும் ஏறும்போது, குகை பெரிதாகாவிட்டால் அந்த ஒன்பதரை நாளும் சுருங்கிக்கொண்டே போகும்.

இதற்கு ஆட்சேபங்கள் இல்லாமலில்லை. முதலாவது, ஏழை தேசம் ஆயிரக்கணக்கான கோடி ரூபாயைப் பூமிக்கடியில் வட்டியில்லாமல் புதைக்கலாமா என்பது. பீப்பாய் 60 டாலர் வீதம் மூன்று குகைகளையும் நிரப்ப 234 கோடி டாலர் ஆகும். அது பெரிய தொகைதான். ஆனால் 1991-இல் லண்டனுக்குப் போன பொன்னுக்கும் வட்டி உண்டு. அதை நாம் கொடுத்தோம். ஆயுள் இன்ஷூரன்ஸுக்குச் சந்தா கட்டுகிறவர், இந்த வருஷம் சாகவில்லையே, பணம் வீணாயிற்றே என்று வருந்துவதில்லை.

இரண்டாவது, விலை இன்னும் இறங்குமே, அதுவரை பொறுக்கலாமே என்பது. சந்தையின் அடிமட்டத்தைக் கண்டு வாங்கியவர் எவருமில்லை. பங்குனிப் புளியைச் சித்திரையில் இன்னும் காலணா குறையும் என்று காத்திருந்தவள், வைகாசியில் இரட்டிப்பு விலை கொடுத்த கதை எந்தத் தெருவிலும் கேட்கலாம். கொஞ்சம் கொஞ்சமாக, விலை இறங்க இறங்க அதிகமாக வாங்குவதே விவேகம்.

மூன்றாவது, சூரிய வெளிச்சத்திலும் மின்சார வண்டியிலும் தேசம் ஓடப்போகும் காலத்தில் எண்ணெய்க் குகை எதற்கு என்பது. அந்தக் காலம் விரைவில் வருவதை நாமும் விரும்புகிறோம். அதற்கும் குகைக்கும் விரோதம் ஒன்றுமில்லை. எண்ணெய்ச் செலவு பாதியானால், ஒன்பதரை நாளைக்குப் போதுமான எண்ணெய் பத்தொன்பது நாளைக்குப் போதும். சிக்கனமும் ஒரு குகைதான். அதைத் தோண்டப் பாறையைக் குடைய வேண்டியதில்லை.

உண்மையான அபாயம் இந்த ஆட்சேபங்களில் இல்லை; மனித சுபாவத்தில் இருக்கிறது. எண்ணெய் விலை ஏறியிருக்கும்போது எல்லோரும் குகையைப் பற்றிப் பேசுகிறார்கள்; வாங்கப் பணமில்லை. விலை இறங்கியதும் பணம் இருக்கிறது, பேசுவதற்கு ஆளில்லை. மலிவு வரும்போதே மறதியையும் கைப்பிடித்து அழைத்து வருகிறது. ஆகையால் மந்திரிகளின் ஞாபக சக்தியை நம்பியிராமல், விதியாகவே சில ஏற்பாடுகளைச் செய்துவிடுவது நல்லது.

பணம் எங்கிருந்து வரும் என்றால், வழி கண்ணெதிரிலேயே இருக்கிறது. கச்சா எண்ணெய் விலை இறங்கும்போதெல்லாம் பெட்ரோல் பங்கில் விலை அந்த அளவுக்கு இறங்குவதில்லை என்பது நம் நேயர்களின் அனுபவம். 2014 நவம்பருக்கும் 2016 ஜனவரிக்கும் இடையில் ஒன்பது தடவை கலால் வரி உயர்ந்தது. 2020 மே மாதத்தில், பீப்பாய் அடிமாட்டு விலைக்கு விற்றபோது, ஒரே இரவில் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் வரி ஏறியது. சர்க்காருக்கும் ஆயிரம் செலவு உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் மலிவின் பலனை ஜனங்களுக்குக் கொடுக்காமல் சர்க்கார் எடுத்துக்கொள்ளுமானால், அதில் ஒரு சிறு பங்கையாவது ஜனங்களின் பெயரில் குகையில் போட்டு வைப்பதுதான் நியாயம். இன்ன விலைக்குக் கீழே போனால் இவ்வளவு வாங்குவது என்று முன்கூட்டியே வரையறுத்து, அதற்கென ஒரு தனி நிதி வைக்கவேண்டும். அந்த நிதி மார்ச் 31-ஆம் தேதியோடு காலாவதியாகக் கூடாது.

குகையைத் திறப்பதற்கும் அதே போன்ற கட்டுப்பாடு தேவை. 2021 நவம்பரில், அமெரிக்கா முதலிய நாடுகளோடு சேர்ந்து நாமும் 50 லட்சம் பீப்பாய் விடுவிக்க இசைந்தோம். அப்போது கப்பல் எதுவும் நிற்கவில்லை; விலைதான் ஏறியிருந்தது. விலையைக் கொஞ்சம் தணிப்பதற்காகக் குதிரைத் தொடுவது ஒரு பழக்கமாகிவிட்டால், தேர்தல் வரும்போதெல்லாம் விலை ஏறியிருப்பதாகத் தோன்றும். சரக்கு வராமல் நின்றால் திறப்பது; எடுத்த அளவை இத்தனை மாதத்துக்குள் திரும்ப நிரப்புவது; எவ்வளவு உள்ளே இருக்கிறது என்பதை வருஷத்துக்கு இரு முறை பார்லிமெண்டில் சொல்வது. இவ்வளவுதான் வேண்டும்.

சுயராஜ்யம் என்பது கொடி ஏற்றுவதோடு முடிந்துவிடுகிற காரியமல்ல. எங்கோ ஒரு ஜலசந்தியில் சண்டை மூண்டது என்பதற்காக, நம் தேசம் அன்னிய வாசலில் போய்க் கை கட்டி நிற்காமல் ஒரு மாதமாவது தலை நிமிர்ந்து நிற்க முடியுமா என்பதும் சுயராஜ்யத்துக்கு ஒரு பரீட்சை. அந்தப் பரீட்சைக்குப் படிக்கவேண்டிய காலம் எண்ணெய் மலிந்திருக்கும் காலமே. அடுத்த தடவை பத்திரிகையில் "கச்சா எண்ணெய் விலை சரிந்தது" என்ற செய்தியைப் பார்க்கும்போது, பெட்ரோல் எத்தனை ரூபாய் குறையும் என்று கேட்பதோடு, குகையில் எவ்வளவு சேர்ந்தது என்ற கேள்வியையும் நம் நேயர்கள் தங்கள் பார்லிமெண்ட் அங்கத்தினரிடம் கேட்கட்டும். கேட்பவர்கள் இருந்தால்தான் குதிர் நிரம்பும்.